சைனா 1900

பெய்ஜிங் போகிற நம்மவர்கள் யாரும் சொர்க்கக் கோயிலை விடுவதில்லை. பெருஞ்சுவருக்கும் பட்டுக்கடைக்கும் நடுவே அதற்கும் சிறிது நேரம் ஒதுக்கியிருப்பார்கள். மூன்றடுக்கு நீல ஓட்டுக் கூரைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆணியே இல்லாமல் கட்டியது என்றதும் வாயைப் பிளக்கிறோம். பஸ் ஏறிவிடுகிறோம். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

1420இல் மிங் பேரரசர் யோங்லே எழுப்பிய வளாகம் அது. 273 ஹெக்டேர், அரண்மனை நகரத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். வானம் வட்டம், பூமி சதுரம் என்ற நம்பிக்கைப்படி வடக்கு மதிலை வளைத்தும் தெற்கு மதிலை நேராகவும் கட்டினார்கள். நாம் படம் எடுக்கும் மண்டபம் நல்ல விளைச்சல் வேண்டி வழிபட்ட இடம். வானத்துக்கான பலிபீடமோ தெற்கே, கூரையில்லாத மூன்றடுக்கு வெண்பளிங்கு மேடை. உச்சியில் நடுவே ஒரு வட்டக்கல். அதைச் சுற்றி 9 கற்கள், அடுத்த வளையத்தில் 18, இப்படியே ஒன்பதாம் வளையத்தில் 81. நோன்பிருந்து வரும் பேரரசர், ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாளில், விடியுமுன் அங்கே மண்டியிடுவார். குடிமக்களுக்கு உள்ளே இடமில்லை.

1914இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் கடைசியாக ஒரு சடங்கு நடத்திப் பார்த்தார். 1918இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். இப்போது காலையில் ஓய்வுபெற்றவர்கள் வந்து தாய்ச்சி பழகுகிறார்கள், பாடுகிறார்கள், இறகுப்பந்தைக் காலால் தட்டி விளையாடுகிறார்கள். கோயில் பூங்காவான கதை என்று இவ்வளவைத்தான் நாம் ஊருக்கு வந்து சொல்கிறோம்.

நடுவில் ஒரு வருடத்தைத் தாண்டிவிடுகிறோம். அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்சர் கிளர்ச்சியை அடக்க 1900 ஆகஸ்டில் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தன. பிரிட்டிஷ் படை முகாமிட்டது இந்தக் கோயிலில். அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள்: சீக்கியர், ராஜபுத்திரர், பஞ்சாபியர், வங்காளக் குதிரைப்படையினர். பேரரசரின் அனுமதியில்லாமல் உள்ளே போன சாமானியர்களில் நம் ஆட்களும் உண்டு. தமிழர்கள் நிறைந்த மெட்ராஸ் சாப்பர்ஸ், ‘தம்பிகள்’ என்று பெயரெடுத்த படை, அந்தச் சீனப் போரில் பங்கேற்றுப் போர்ச்சிறப்பும் பெற்றது.

‘வெள்ளைக்காரன் போட்ட சண்டை, சிப்பாய் என்ன செய்வான்?’ என்று கேட்பது நமக்குச் சௌகரியமாக இருந்தது. அது முழுப்பொய்யும் அல்ல. வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை இங்கே உட்கார்ந்து தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நாம் மறந்தது அவர்களையும் சேர்த்துத்தானே? நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் செய்த அநியாயத்தை நாளெல்லாம் பேசுகிற நாம், அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்களும் பிறர் ஊருக்குள் போன கதையை வீட்டில் பேசவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. கேட்டவர்களும் குறைவு.

அன்றைக்கே ஒருவர் பேசியிருக்கிறார். ஏழாவது ராஜபுத்திரப் படையைச் சேர்ந்த கதாதர் சிங், ‘சீன் மே தேரஹ் மாஸ்’ என்று சீனாவில் கழித்த பதின்மூன்று மாதங்களை இந்தியில் எழுதி 1902இல் வெளியிட்டார். கொள்ளையையும் கொலையையும் கண்டு மனம் நொந்த சிப்பாயின் புத்தகம் அது. ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. பயணக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற நாம் இதை எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தப் போருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் முகம், மறுபக்கம் அடியில் ‘சைனா 1900’ என்ற எழுத்து. போரிட்டவர்களுக்கு வெள்ளி; சுமை தூக்கிய, வண்டியோட்டிய இந்தியர்களுக்கு வெண்கலம். தாத்தாவின் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விளிம்பில் பெயர் பொறித்திருக்கும். அதை எழுதிவைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் விசாரியுங்கள்.