காருக்கு 9 ஆண்டு கடன். திரைக்கு எத்தனை ஆண்டு ஆயுள்?

மலேசியாவில் ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாக வாங்கும் பெரிய கடன் பெரும்பாலும் கார் கடன்தான். அது 9 ஆண்டு வரை நீளலாம். கார் வாங்கும்போது இன்ஜின் எப்படி, கியர்பாக்ஸ் எப்படி, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். நடுவில் இருக்கும் பெரிய திரை எத்தனை ஆண்டு உழைக்கும், அதற்கு வரும் இணையம் எப்போது நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

பழுதான பொருளை விற்றவரே மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வகை செய்யும் 'லெமன்' சட்டத்தை மலேசிய அரசாங்கமும் ஆராய்ந்து வருகிறது. சிங்கப்பூரில் இச்சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. பேச்சு பெரும்பாலும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சுற்றியே இருக்கிறது. காரின் திரையும் இணையச் சேவையும் அந்த விவாதத்தில் இடம்பெற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பாட்டுப் பெட்டி அல்ல

முன்பு காரில் வானொலி கெட்டால் பாட்டு இல்லை, அவ்வளவுதான். இன்று பின்பக்கக் கேமரா, குளிர்சாதனக் கட்டுப்பாடு, வழிகாட்டி, தொலைபேசி அழைப்பு எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிட்டன. 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 'ஹாய் புரோட்டோன்' என்ற குரல் கட்டளையுடன் வந்தபோது இது புதுமை. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 மின்சாரக் காரில் 15.4 அங்குலத் திரை பொருத்தப்பட்டிருந்தது. திரை கறுத்துப் போனால் பாட்டோடு சேர்த்துக் காரின் பல வசதிகளும் நின்றுபோகும்.

ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுள்ளது. 2026 முதல் முழு 5 நட்சத்திரம் பெற விரும்பும் கார்களில் சிக்னல், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டு உணரும் தனிப் பொத்தான்களோ கைப்பிடிகளோ இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. எல்லாவற்றையும் திரைக்குள் திணிப்பது பாதுகாப்பல்ல என்பதே அதன் பொருள்.

பழுது எங்கே?

திரை உறைந்துவிட்டது, கைப்பேசி இணையவில்லை, செயலியில் கார் தெரியவில்லை என்று பட்டறைக்குப் போகிறவர்களுக்குச் சில நேரம் கிடைக்கும் பதில், 'முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும்' என்பதுதான். அதற்குத் தலையாட்டுவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கைப்பேசி, காரின் திரை, தொலைத்தொடர்பு இணைப்பு, நிறுவனத்தின் சர்வர் ஆகிய நான்கில் ஒன்றில்தான் அது பெரும்பாலும் இருக்கும். யூனிட்டை மாற்றித் தீர்வது இரண்டாவது மட்டும்.

முதலில் கைப்பேசி. ஆப்பிள் கார்பிளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ விட்டுவிட்டு வேலை செய்தால், வேறொரு கைப்பேசியையும் வேறொரு கேபிளையும் செருகிப் பார்க்க வேண்டும். மலிவுக் கேபிள்களில் சில மின்னேற்ற மட்டுமே உதவும், தகவலைக் கடத்தாது. யுஎஸ்பி துளையில் தூசி அடைத்திருப்பதும் உண்டு. புளூடூத் என்றால், காரிலும் கைப்பேசியிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பயன் இருக்காது. கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால் காரைச் சந்தேகிப்பதற்கு முன் கைப்பேசியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது திரை. இன்ஜினை நிறுத்தினால் திரை முழுமையாக அணைந்துவிடும் என்பதில்லை. பல கார்களில் அது சற்று நேரம் உறக்க நிலையில்தான் இருக்கும். அதனால் உறைந்த திரை, காரை நிறுத்தி எடுத்த பிறகும் உறைந்தே நிற்கும். பல மாடல்களில் ஒலிப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மறுதொடக்கம் ஆகும். எந்தப் பொத்தான், எவ்வளவு நேரம் என்பது காரின் கையேட்டில் இருக்கும். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் வழியும் உண்டு. ஆனால் அது சேமித்த முகவரிகளையும் கணக்குகளையும் அழித்துவிடும். கடைசி வழியாகவே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நான்காவது இடங்களைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசி வழியாக வரும் வரைபடம் சரியாக ஓடி, காரின் சொந்த வரைபடமும் குரல் கட்டளையும் மட்டும் நின்றிருந்தால், திரையில் பெரிய குறை இருக்க வாய்ப்புக் குறைவு. காருக்குள் பதித்த சிம்முக்குச் சிக்னல் இல்லாமல் இருக்கலாம், இலவச இணையக் காலம் முடிந்திருக்கலாம், அல்லது சர்வர் படுத்திருக்கலாம். நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வந்து பார்க்க வேண்டும். அதே மாடல் வைத்திருக்கும் வேறு சிலருக்கும் அன்றைக்கே அதே பிரச்சினை என்றால், பழுது நிறுவனத்தின் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டறையில் ஒரு வெள்ளி கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

பேட்டரியும் வெயிலும்

மலேசிய வெப்பத்தில் 12 வோல்ட் பேட்டரி சுமார் இரண்டு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுவது வழக்கம். தளர்ந்த பேட்டரியின் முதல் அறிகுறி சில நேரம் திரையில்தான் தெரியும். ஸ்டார்ட் செய்யும்போது திரை அணைந்து எரிவது, கடிகாரம் மாறிப்போவது, காரணமில்லாத எச்சரிக்கைகள் வருவது போன்றவை அதில் அடங்கும். ஃபோர்மேனிடம் பேட்டரியைச் சோதிக்கச் சொல்வது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் யூனிட்டை மாற்றுவது, மின்சாரம் குறைவாக வரும் வீட்டில் பல்பை மாற்றுவது போலத்தான்.

வெட்டவெளியில் நிறுத்திய காரின் முன்பலகை கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். பல ஆண்டுகள் அந்தச் சூட்டைத் தாங்கிய திரையில் தொடு உணர்வு மந்தமாகும், அல்லது யாரும் தொடாமலேயே பொத்தான்கள் தாமாக அழுந்தும். இது மென்பொருளைப் புதுப்பித்தால் தீராத உண்மையான வன்பொருள் பழுது. சில மாடல்களில் தொடுகண்ணாடியை மட்டும் தனியாக மாற்ற முடியும். முழு யூனிட்டுக்கு விலை சொல்லும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆக்சசரி கடையில் டேஷ்கேம், ஆண்ட்ராய்டு திரை போன்றவற்றைப் பொருத்தும்போது காரின் அசல் ஒயரை வெட்டி இணைப்பதும் தொல்லையின் ஊற்று. பின்னர் கேமரா மின்னினாலோ பேட்டரி இரவோடு இரவாக வடிந்தாலோ, வாரண்டி கேட்டுப் போகும்போது அந்த வெட்டுதான் முதலில் கண்ணில் படும். ஒயரை வெட்டாமல் செருகி இணைக்கும் சாக்கெட் உள்ளதா என்று கேட்டுவிட்டுப் பொருத்துவது நல்லது.

ரீகோன் காரும் மின்னல் வானொலியும்

ஜப்பானிலிருந்து வரும் ரீகோன் கார்களில் பிரச்சினை வேறு வகை. அங்குள்ள பண்பலை வானொலி 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் பண்பலை 96.3, ராகா 99.3. அசல் ஜப்பானிய யூனிட்டில் இரண்டுமே கிடைக்காது. அலைவரிசை மாற்றி பொருத்த வேண்டியிருக்கும். வரைபடம் ஜப்பானைக் காட்டும், எழுத்தும் ஜப்பானிய மொழி. ஜப்பான் சந்தைக்காக அமைத்த இணையச் சேவைகள் இங்கே பயன்படுவதில்லை. விற்பனையாளர் 'எல்லாம் இருக்கிறது' என்று சொல்லும் பட்டியலில் எது மலேசியாவில் வேலை செய்யும் என்று திரையைப் போட்டுக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை.

உள்ளூரில் கைமாறும் பழைய கார்களிலும் கவனம் தேவை. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாவிட்டால் புதியவரால் செயலியில் காரைப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். பழையவர் தம் கைப்பேசியிலிருந்து கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் முடியும். விற்பவர் தம் கணக்கை நீக்கி, திரையில் உள்ள தொடர்பு எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

வெளிநாடுகள் சொல்லும் பாடம்

2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 2014 முதல் 2017 வரையிலான சில மஸ்டா கார்களின் வானொலி 94.9 என்ற ஒரே நிலையத்தில் சிக்கிக்கொண்டது. திரைகள் ஓயாமல் மறுதொடக்கம் ஆயின. வானொலி நிலையம் அனுப்பிய படக் கோப்பின் பெயரில் வகையைக் குறிக்கும் பின்னொட்டு இல்லாததே காரணம். யூனிட்டை மாற்ற சுமார் 1,500 அமெரிக்க டாலர் ஆகும் என்று சிலரிடம் சொல்லப்பட்டது. பிறகு நிறுவனமே இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அவசரப்பட்டுப் பணம் கட்டாதவர்களுக்குச் செலவு மிச்சம்.

2021 பிப்ரவரியில் டெஸ்லா சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. திரையை இயக்கும் 8 ஜிகாபைட் நினைவகச் சில்லு, திரும்பத் திரும்ப எழுதி அழித்ததில் தேய்ந்துபோனது. திரை செயலிழந்ததும் பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் வசதியும் நின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பாதுகாப்புக் குறை என்றே கருதியது. திரைப் பழுதைச் சாதாரணத் தேய்மானம் என்று தட்டிக்கழிக்க இயலாது என்பதற்கு இது வலுவான முன்னுதாரணம்.

இணைப்பு துண்டிக்கப்படும்போது கார் பழுதாகாமலேயே சேவை சாகும். அமெரிக்காவில் ஏடி அன்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, 3ஜி மோடம் கொண்ட பல கார்கள் அவசர அழைப்பு உள்ளிட்ட வசதிகளை இழந்தன. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு விடைபெற்றது. 4ஜியும் ஒருநாள் அந்த வழியில்தான் போகும். இன்று வாங்கும் கார் அப்போதும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சட்டம் யார் பக்கம்?

'லெமன்' சட்டம் வரும்வரை பயனீட்டாளர் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இது வாரண்டி புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சார்ந்தது அல்ல. சட்டம் தானாகவே தரும் உத்தரவாதம். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யும் கடமையும், முன்கூட்டியே வேறுவிதமாக அறிவித்திருந்தால் தவிர, உற்பத்தியாளருக்கு உண்டு.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் உச்சவரம்பு 2019ஆம் ஆண்டு திருத்தத்தின்படி 25 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ரிங்கிட்டாக உயர்ந்தது. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முழுக் காரின் விலை இந்த வரம்பைத் தாண்டலாம். திரையை மாற்றும் செலவு தாண்டாது. வணிகரிடம் வாங்கிய காருக்கே இது பொருந்தும். தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கிய பழைய காருக்கு இந்தக் கதவு திறக்காது.

தீர்ப்பாயத்தில் பேசுவது ஆதாரம். திரைப் பழுது விட்டுவிட்டு வரும் இயல்புடையது. வீட்டில் பத்து முறை உறையும் திரை, சேவை மையத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஆகவே பழுது வரும்போதே காரை நிறுத்தி, தேதி தெரியும்படி காணொளி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புகாரைப் பணிச் சீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகார், வாரண்டி முடிந்த மறுநாள் சொல்லப்படாத புகாராகிவிடும்.

கையெழுத்திடும் முன்

புதிய காருக்குக் கையெழுத்துப் போடும்முன் விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது நல்லது. திரைக்கு வாரண்டி எத்தனை ஆண்டு, காரின் வாரண்டியும் அதுவும் ஒன்றா? இலவச இணையம் எப்போது முடியும், அதன்பின் கட்டணம் எவ்வளவு? மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? இணையம் நின்றால் எந்தெந்த வசதி நிற்கும்? திரை கெட்டால் தொடுகண்ணாடியைத் தனியாக மாற்ற முடியுமா?

இக்கேள்விகளை ஒவ்வொரு வாங்குபவரும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை நீடிக்கக் கூடாது. புதிய சட்டம் வரையப்படும்போது, மென்பொருள் ஆதரவும் இணையச் சேவையும் குறைந்தது எத்தனை ஆண்டுக்கு என்று விற்பனை ஆவணத்தில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பின்பக்கக் கேமரா போன்ற பாதுகாப்பு வசதிகளைக் கெடுக்கும் திரைப் பழுதை, இன்ஜின் பழுதுக்குச் சமமாக எண்ண வேண்டும். வங்கி 9 ஆண்டுக்குத் தவணை வாங்குகிறது. அந்த 9 ஆண்டும் திரை வேலை செய்ய வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.