புட்டியில் அடைபடாத கள்

கள்ளைப் பற்றி எழுதும் இலக்கிய நண்பர்கள் பெரும்பாலும் சங்கப் பாடல்களில் தொடங்கி, 1987 முதல் நீடிக்கும் தடையைச் சபித்து முடிக்கிறார்கள். தடை நீங்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போகிற போக்கில், கள்ளை இனிப்பாக்கிப் புட்டியில் அடைத்து ஊரெங்கும் விற்கலாமே என்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

பாளையில் சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதன் காரத்தில் ஈஸ்ட் பெருகாது, கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிறது. இனிப்பை ஈஸ்ட் தின்பதால்தான் போதை பிறக்கிறது. உயிருள்ள கள்ளில் சர்க்கரையிட்டு இறுக மூடினால், கரியமில வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். ஈஸ்ட் தின்னாத சாக்கரினைக் கலக்கலாம். ஆனால் அதைத்தானே நாம் கலப்படம் என்று திட்டுகிறோம்?

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் செய்யும் மேலைநாட்டார், சல்ஃபைட்டும் சார்பேட்டும் இட்டு ஈஸ்ட்டை அடக்கிய பிறகே இனிப்புச் சேர்த்துப் பீப்பாயில் அடைக்கிறார்கள். இலங்கையில் புட்டிக் கள் விற்பனையில் இருக்கிறது. ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. யாரால் முடியும் என்றே கேட்கிறேன். கொதிகலனும் ஆய்வுக்கூடமும் புட்டி நிரப்பும் இயந்திரமும் உடையவரால் முடியும். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பைச் சாய்த்தபின் எஞ்சிய ஐம்பது தென்னையை வைத்துக்கொண்டிருக்கும் பட்டுக்கோட்டை விவசாயியால் முடியுமா? பாளை சீவுபவரால் முடியுமா?

2017இல் தென்னை நீரா இறக்க அரசு அனுமதித்ததே என்பார்கள். நொதிக்காமல் காக்க, பாளையிலிருந்து கடைவரை குளிர்ச்சி வேண்டும். அந்தச் செலவைத் தாங்குபவருக்கே அந்த அனுமதி பயன்படும். புட்டிக் கள்ளின் கதையும் அதுவாகத்தான் இருக்கும்.

எனவே கேட்பதைச் சரியாகக் கேட்போம். அன்று இறக்கிய கள்ளை அன்றே தோப்படியில் விற்கும் உரிமை வேண்டும். மறுநாள் புளித்துப்போவது கள்ளின் குறையல்ல. தொலைவிலிருக்கும் முதலாளியிடமிருந்து அதைக் காப்பதே அந்தப் புளிப்புதான். மரத்தடியில் விற்பவரை ஊரே அறியும். கலப்படம் செய்துவிட்டு அவர் எங்கே ஒளிவார்? புட்டியைக் கேட்டால் புட்டி கிடைக்கும். மரம் ஏறுபவர் மட்டும் கூலியாளாகவே இருப்பார்.