கரண்ட் பிடித்தால் கை வந்துவிடுமா?



பாரிசவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு ரோபோவும் மின்தூண்டலும் சேர்த்துக் கொடுக்கும் பயிற்சியை வீடியோவில் பார்த்தால், "இந்த மெஷின் கந்தளாய்க்கு வந்தால் எப்படியிருக்கும்" என்று யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மெஷினைவிட அது சொல்லித்தரும் பாடம் பெரியது என்பது என் கருத்து.

பாரிசவாதத்தில் பழுதாவது மூளை. கையிலுள்ள தசையும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கட்டளைதான் வந்து சேர்வதில்லை. தோலில் ஒட்டும் பட்டிகள் வழியாகச் சிறு மின்துடிப்புக் கொடுத்தால் தசை சுருங்கும். ரோபோ கையின் பாரத்தைத் தாங்கி வழிகாட்டும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். நகரும் ஒளிப்புள்ளியைக் கையால் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் கை எவ்வளவு விலகியது என்று கணினி பார்த்து, அடுத்த முறைக்கு வேண்டிய மின்தூண்டலை மட்டும் கொடுக்கும். 2009இல் வெளியான அந்த ஆய்வில் 5 பேர் மட்டுமே, தலா 18 அமர்வுகள். உதவியின்றிப் பின்தொடரும் திறன் கூடியது. ஆனால் அன்றாட வேலைகளுக்கான கைத்திறனைச் சோதிக்கும் பரீட்சையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

இது ஆசிரியர்களுக்குப் பழகிய விசயம். பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்குவோம். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். விடாவிட்டால் எழுதுவது பிள்ளையல்ல, நாங்கள்.

மெஷின் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. பிரித்தானியாவில் 770 பேரை வைத்து ரோபோப் பயிற்சியைப் பரிசோதித்தார்கள். முடிவு 2019இல் வந்தது: வழமையான சிகிச்சையைவிடக் கையின் செயற்பாடு கூடவில்லை.

இதற்காக மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்றொரு சிறிய ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே மோட்டாரில் பிடிகளை மாற்றி மாற்றி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். நமக்குப் பொருந்தும் பாதை அதுதான்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? வாப்பாவுக்கு ஊட்டிவிடுகிறோம், பொத்தான் போட்டுவிடுகிறோம், வுழூவுக்குக் கை கழுவிவிடுகிறோம். எல்லாம் பாசம்தான். ஆனால் விழுந்த கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. வலது கை விழுந்த மனுசன் இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, கலியாண வீட்டுக்கே போகாமல் முடங்கிவிடுகிறார்.

பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு, அவர் காட்டும் அசைவுகளை நாளுக்குப் பலமுறை செய்யவிடுங்கள். மேசையைத் துணியால் துடைப்பது, கோப்பையை எட்டிப் பிடிப்பது, இதுவும் பயிற்சிதான். எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும். ஒன்லைனில் மின்தூண்டல் கருவி வாங்கி நீங்களாகவே ஒட்டாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். விலை கூடிய மெஷினுக்கு நிதி சேர்க்கும் முன், பாரிசவாத நோயாளி கிழமைக்கு எத்தனை தரம் பிசியோதெரபிக்குப் போக முடிகிறது என்று கேளுங்கள். திருகோணமலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு தரம் போய்வர ஓட்டோவுக்கும் கூடப்போகிறவரின் நாட்கூலிக்கும் வழியில்லாமல் பாதியில் நிறுத்தினால், எந்த மெஷினும் உதவாது. முதல் சதகா அந்தப் போக்குவரத்துக்குப் போகட்டும். மெஷின் பிறகு வரட்டும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் பாரிசவாதம் வந்து தேறியவர் இருந்தால், எந்தப் பயிற்சி கைகொடுத்தது என்று கீழே எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்கு உதவும்.