வக்கீல் கையில் சிக்கும் நஷ்டஈடு

டிக்கெட்டோடு பயணம் செய்தவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால், அவர் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2017-க்கு முன்பு அது 4 லட்சம். தாராவியில் வாடகைக் குடிசையில் இருக்கும் விதவைக்கு அது ஆயுளில் காணாத பணம். ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் வழக்குப் போட வேண்டும். மராத்தி அரைகுறை, ஆங்கிலம் அறவே தெரியாது. வக்கீல் காட்டும் இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். பணம் வங்கிக் கணக்குக்கே வந்தாலும், பாஸ்புக்கும் கையெழுத்திட்ட வெற்றுச் செக்கும் வேறொருவர் பெட்டியில் இருந்தால் என்ன பயன்? பாட்னா டிரிப்யூனலில் நஷ்டஈட்டுப் பணம் சுருட்டப்பட்டதாக எழுந்த வழக்கில், 2025 ஜனவரியில் வக்கீல்களே கைதானார்கள்.

நேர்மையான வக்கீல்கள் நிறையப் பேர் உண்டு. விதிகளிலும் குறையில்லை. கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். பணம் வந்ததும் அவருக்குச் சொல்ல வேண்டும். இவை பார் கவுன்சில் விதிகள்.

மீறினால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். விசாரிப்பவர் மூவர், மூவரும் வக்கீல்களே! ஓராண்டில் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். குற்றம் ருசுவானால் கண்டிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் தின்ற பணத்தைக் கக்கு என்று உத்தரவிட அந்தச் சட்டப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

சென்னையில் காது கேளாத முதியவர் ஒருவரிடம் கோர்ட் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, வழக்கே போடாமல், போட்டதாகச் சொல்லி ஏமாற்றினார் ஒரு வக்கீல். தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு ஆண்டு சஸ்பெண்ட் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978-இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர், அந்த வக்கீல் ஏழைகளுக்கு இலவசமாக வாதாட வேண்டும், முதியவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார். பாதிக்கப்பட்டவர் கைக்குப் பணம் போக வேண்டும் என்று நினைத்த தீர்ப்பு அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சட்டத்தில் அது ஏறவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வக்கீல் தொழில் அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தக் கதவு மூடிய பிறகு, பார் கவுன்சில் கதவையாவது அகலத் திறக்க வேண்டாமா? அங்கே புகாரை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, மாநில மொழியிலோதான் கொடுக்கலாம். மும்பையில் தமிழில் எழுதினால் செல்லாது. ஏமாற்றிய வக்கீலைப் பற்றி எழுத இன்னொரு வக்கீலைத் தேட வேண்டியதுதான்!

பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரத்தை வழக்கறிஞர் சட்டத்தில் மத்திய அரசு சேர்க்க வேண்டும். மகாராஷ்டிரா - கோவா பார் கவுன்சில் தமிழ்ப் புகாரையும் வாங்கி, மொழிபெயர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழ் அமைப்புகள் வாரம் ஒரு மாலை ஆள் வைத்து இந்தப் புகார்களை எழுதித் தரலாம். ஆண்டு விழாச் செலவில் ஒரு துளிகூட ஆகாது.