10 கிலோ தாங்குமாம்!

"10 கிலோ பிரஷருக்கு டெஸ்ட் பண்ணின டேங்க் சார், 1 கிலோ வேக்குவத்தைத் தாங்காதா?" சர்வீஸ் முழுக்கக் காதில் விழுந்த கேள்வி. பெரிய அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள்.

டெஸ்ட் சொல்வது உள்ளழுத்தத்தை மட்டும்தான் ஐயா! உள்ளே அழுத்தம் ஏறினால் தகடு இழுபடும். கோணல் இருந்தாலும் வட்டத்துக்கு வரும். வெற்றிடத்தில் வெளிக்காற்று சதுர மீட்டருக்கு 10 டன் வீதம் நசுக்கும். சிறு கோணலும் பெரிதாகும். மெல்லிய தகடு என்றால் உயர்ந்த ரக எஃகு என்ற பெருமையும் அங்கே செல்லாது. தடிமன், விட்டம், வலுவூட்டும் வளையங்களுக்கு நடுவே உள்ள நீளம், இவைதான் கணக்கு. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிநூல் வெளி அழுத்தத்துக்கென்று தனிக் கணக்கே வைத்திருக்கிறது. சும்மாவா?

"எங்களிடம் வேக்குவம் பம்பே இல்லையே" என்பார்கள் அடுத்து. நான் வேலை பார்த்த ஓர் ஆலையிலும் இல்லைதான். டேங்கை நீராவியால் கழுவிவிட்டு, சூடு ஆறுமுன் வென்ட் வால்வை மூடினார்கள். சுமார் 1,600 லிட்டர் நீராவி குளிர்ந்தால் 1 லிட்டர் தண்ணீர். காலையில் டேங்க், மிதிபட்ட டால்டா டின் மாதிரி நின்றது. நல்லவேளை, பக்கத்தில் யாருமில்லை.

மெமோ வந்தது வால்வை மூடிய ஆபரேட்டருக்கு. கணக்கே போடாத டிசைன் ஆபீசுக்கும், வேக்குவம் பிரேக்கர் வால்வு வீண்செலவு என்று அடித்தவருக்கும் வரவில்லை.