ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை. கருவேல முள்வேலிக்குள்ள வெயிலில் காயுற குவியலைப் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். டப்பா மட்டும் முப்பத்தொண்ணு. பாதிக்கு மேல ஒயரை வெட்டியாச்சு. செம்பு தனியா, தகரம் தனியா எடைக்குப் போகுதாம்.

வயிறு எரிஞ்சுது. ஏன்னு சொல்றேன்.

நான் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினவன். செட்டும் கிடைச்சாச்சு (ஒரு பெரியவர் பழசைக் கொடுத்தார், நல்லா இருக்கணும் அவர்). அதுக்கு 13.8 வோல்ட் டி.சி. வேணும். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வாட் குட்டி செட்டுக்கு 1, 2 ஆம்பியர் போதும். இதுக்குன்னே விக்கிற புது பவர் சப்ளை விலையைக் கேட்டா செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வருது.

அந்த முள்வேலிக் குவியலில் 12 வோல்ட் சும்மா கிடக்கு! பச்சை ஒயரைக் கறுப்போட சேர்த்தா டப்பாவுக்கு உயிர் வந்துடும். மேல பெரிசா போட்டிருக்கிற 450 வாட்டை நம்பாதீங்க, லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. பல செட்டுகள் 13.8-ல் 15 சதவீதம் கூடக்குறைய தாங்கும், அதாவது 11.7 வரைக்கும். ஒயர் குட்டையா தடிமனா இருந்தா 12-லயே ஓடும்.

நான் பி.காம். என்பதால் ஒரு கணக்கு. வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷம் 40 சதவீதம். 100 ரூபாய்ச் சாமான் அஞ்சு வருஷத்தில் 7 ரூபாய் 78 காசு. புத்தகத்தில் செத்தாச்சு, தூக்கிப் போடு! இதுதான் ஆபீஸ் நியாயம். புத்தகத்தில் மதிப்பு இறங்கலாம், வோல்ட் இறங்கலையே ஐயா?

ஒரு கல்லூரியில் கேட்டுப் பார்த்தேன். "உள்ள நம்ம டேட்டா இருக்கு தம்பி" என்றார்கள். டேட்டா இருக்கிறது ஹார்ட் டிஸ்கில். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிறது தூசியும் பல்லி முட்டையும்தான் :-) அடுத்து, மின்கழிவுச் சட்டமாம். 2022 விதிகளை எடுத்துப் படிங்க சார். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டுமில்ல, பழுது பார்த்துப் புதுப்பிக்கிறவரிடமும் கொடுக்கலாம். முள்வேலிக் கடைக்கு எடைக்குப் போடச் சொல்லி எந்த வரியும் இல்லை. கழிவாகிறதுக்கு முன்னாலேயே நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஓடுறதைச் சொந்த இயற்பியல் லேபில் வைக்க யார் தடுத்தது?

ஆபத்து உண்டுதான். மூடியைத் திறந்தா உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பழக்கமில்லாதவங்க கை வைக்கக் கூடாது. சிலது ரிசீவரில் 'கர்ர்'னு இரைச்சல் கிளப்பும். அதை நானே இரும்புக் கடையில் போட்டுட்டு வரேன்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு புலம்பலான்னு கேப்பீங்க. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் போனெல்லாம் அடங்கினப்போ பாரதி பிரசாத் குழுவின் ஹாம் செட்டுதான் சேதி சொன்னது. 2023 டிசம்பரில் நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோட மாட்டிக்கிட்டவங்க நூற்றுக்கணக்கில். அப்படிப்பட்ட நாளில் கரண்ட் இருக்காது, பேட்டரிதான். ஆனா தினம் வீட்டில் செட்டைப் போட்டுப் பழகினவன்தானே அன்னைக்குப் பேச முடியும்?

ஒயர் வெட்டாத நாலு டப்பாவை எடை போட்டு வாங்கிட்டு வந்தேன். ரெண்டு ஓடுது. மிச்சத்துக்கு நாளைக்குக் காலையில போறேன், கத்தரி படுறதுக்குள்ள.