நூல் கொடுத்தவன் கை

உக்ரைனில் குண்டு விழுந்தால் கே.ஜி.கண்டிகையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு என்ன வந்தது என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். 2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படை எல்லை தாண்டிய நாள் முதலாக அந்த யுத்தச் செய்திகளை நான் விடாமல் படித்து வருகிறேன். எந்த ஊர் விழுந்தது, எந்த ஊர் மீண்டது என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்பதில் எனக்கு ருசியில்லை. நான் தேடிப் படிப்பது வேறொரு செய்தியை. இன்று யார் யாருக்கு எத்தனை ஆயுதம் கொடுத்தார்கள்? நேற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது இன்று ஏன் நின்றுபோயிற்று? யுத்தத்தின் தலையெழுத்து அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். “அமெரிக்கா வாரி வாரிக் கொடுக்கிறதே, என்ன தர்ம குணம்!” என்கிறது ஒரு கட்சி. “அமெரிக்கா கொடுப்பதால்தான் யுத்தமே நடக்கிறது; நிறுத்தினால் நாளைக்கே சமாதானம்” என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பேரோடும் எனக்கு வழக்கு உண்டு.

இரண்டாவது கட்சிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீடு புகுந்தவனை விட்டுவிட்டு, வீட்டுக்காரன் கையிலிருக்கிற தடியைப் பிடுங்குவதற்குப் பெயர் சமாதானமில்லை. அடிபட்டவன் யாரிடமிருந்து வேண்டுமானாலும் தடி வாங்கலாம். அது அவன் உரிமை. அதிலும் உக்ரைன் விஷயம் தனி. சோவியத் தேசம் கலைந்தபோது உலகத்திலேயே மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் அதன் மண்ணில் கிடந்தது. அதைக் கொடுத்துவிடு, உன் எல்லையை நாங்கள் மதிப்போம் என்று 1994 டிசம்பர் 5-ந் தேதி புடாபெஸ்டில் கையெழுத்துப் போட்டவர்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் உண்டு, ருஷ்யாவும் உண்டு. கொடுத்தவன் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவனே படை எடுத்து வந்தான்.

இனி முதல் கட்சி. இவர்களை நான் எங்கள் வட்டாரத்துப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்வரச் சொல்வேன். தறி ஓட்டுகிற எவரையாவது கேட்டுப் பாருங்கள். முதலாளி பாவு கொடுக்கிறார், ஊடைக்கு நூல் கொடுக்கிறார், கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணமும் கொடுக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் சேலைக்கு எந்தக் கலர், எத்தனை சேலை, என்ன கூலி என்பதை நெய்கிறவன் முடிவு செய்வதில்லை. வேறு இடத்துக்குப் போகலாமென்றால் முன்பணம் காலைக் கட்டுகிறது. முதலாளி நூலை நிறுத்தினால் தறி நின்றுபோகிறது. இதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க எந்த நெசவாளியும் முன்வர மாட்டார்.

தேசங்களுக்குள் நடப்பதும் இதுதான். 2023 கடைசியிலிருந்து மாதக் கணக்கில் அமெரிக்கக் காங்கிரஸில் உக்ரைன் உதவி முடங்கிக் கிடந்தது. காரணம் போர்முனையில் இல்லை; அவர்களுடைய சொந்த எல்லைத் தகராறும் தேர்தல் கணக்கும்தான். பீரங்கிக் குண்டுக்குப் பஞ்சம் வந்தது. 2024 பிப்ரவரியில் அவ்தீவ்கா விழுந்தது. ஏப்ரலில் ஒரு வழியாக 61 பில்லியன் டாலர் மசோதா நிறைவேறிற்று. அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளிலேயே செலவாகிறது என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 2025 பிப்ரவரி 28-ந் தேதி வெள்ளை மாளிகையில் இரண்டு ஜனாதிபதிகள் உலகம் பார்க்கச் சண்டை போட்டார்கள். சில நாட்களில் ஆயுதமும் நின்றது. உளவுத் தகவலும் நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி வந்தது. ஏப்ரல் 30-ந் தேதி உக்ரைனின் கனிமங்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலையில், இனி ஐரோப்பியர்கள் காசு கொடுத்து அமெரிக்க ஆயுதத்தை வாங்கி உக்ரைனுக்குக் கொடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. தர்மம் இப்படியா படிப்படியாக வியாபாரமாகும்? ஆரம்பத்திலேயே வியாபாரமாக இருந்தால்தான் ஆகும்.

வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதி உண்டு. ஹிட்லரோடு போராடிய பிரிட்டன், யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பரில். உற்ற சிநேகிதனிடமே அறுபது வருஷம் வட்டி வாங்கியவர்கள் அவர்கள்.

நம் கதையும் இருக்கிறது. 1962 நவம்பரில் சீனப் படை இறங்கி வந்தபோது, அணி சேரா நேரு, அமெரிக்க விமானப் படையை அனுப்பச் சொல்லிக் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கு ராஷ்டிரபதி மாளிகையில் இருந்தவர் எங்கள் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். தேசத்துப் பெண்கள் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த காலம் அது. ஆயுதம் வந்தது. அதன் பின்னாலேயே அமெரிக்காவின் ஹாரிமனும் பிரிட்டனின் சாண்டிஸும் வந்து சேர்ந்தார்கள். காஷ்மீரைப் பற்றிப் பாகிஸ்தானோடு பேசு என்றார்கள். ஸ்வரண் சிங்கும் புட்டோவும் 1963 மே வரை ஆறு சுற்றுப் பேசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பேசியது தப்பென்று நான் சொல்லவில்லை. எப்போது பேசுவதென்று தீர்மானித்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

பாகிஸ்தான் கதை இன்னும் ருசிகரமானது. 1954-ல் அமெரிக்கா அதற்கு ஆயுத உதவி தொடங்கியபோது, அது கம்யூனிஸத்தைத் தடுப்பதற்காக, உங்கள் மேல் பாயாது என்று ஐசன்ஹோவர் நேருவுக்கு எழுதினார். 1965 செப்டம்பரில் அந்தப் பாட்டன் டாங்கிகள் பஞ்சாபுக் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றன. அஸல் உத்தரில் நம் ஜவான்கள் அவற்றை நொறுக்கினார்கள். ஹவில்தார் அப்துல் ஹமீது அங்கே உயிரைக் கொடுத்தார். பிடிபட்ட டாங்கிகளை வரிசையாக நிறுத்தி அந்த இடத்துக்குப் ‘பாட்டன் நகர்’ என்று பெயர் வைத்தார்கள். அதே செப்டம்பர் 8-ந் தேதி அமெரிக்கா இரண்டு தேசத்துக்கும் ஆயுதத்தை நிறுத்திற்று. முழுக்க அதையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலம். பாட்டன் டாங்கி பாட்டன் சொத்தல்ல என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இவ்வளவும் பிறத்தியார் கதை என்று ஒதுக்கிவிடத் தமிழனுக்கு அருகதை இல்லை. இலங்கையில் இந்தியா முதலில் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. 1987-ல் அமைதிப் படையென்று போய், பயிற்சி கொடுத்தவர்களோடேயே சண்டை போட்டது. 1990-ல் திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய 1,200 ஜவான்களைப் பறிகொடுத்தது. பிற்பாடு கொழும்பு சர்க்காருக்கு ரேடார் கொடுத்தது. ரேடார் ஆளைக் கொல்லாது என்றார்கள். 2008 செப்டம்பரில் வவுனியா முகாம் தாக்கப்பட்டபோது காயம்பட்டவர்களில் இரண்டு இந்தியர்கள் இருந்ததால்தான் நம்மவர்கள் அங்கே இருக்கிற சேதியே ஊருக்குத் தெரிந்தது. இஸ்ரேல் விமானம் விற்றது. சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் கொடுத்தன. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தக் கடைசிக் கட்டத்தில் 40,000 சிவிலியன்கள் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதிற்று. கொடுத்த தேசங்களில் எது தன் கணக்கைத் திறந்து காட்டிற்று?

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடுக்கிறவன் நிபந்தனையைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். எதற்காகக் கொடுக்கிறேன், எதுவரை கொடுப்பேன், எதன் மேல் பிரயோகித்தால் நிறுத்துவேன் என்பதை எழுதித் தன் ஜனங்கள் முன்னும் வாங்குகிறவனின் ஜனங்கள் முன்னும் வைக்கட்டும். ஜெயிக்கவும் விடாமல் தோற்கவும் விடாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது உதவியல்ல. அது யுத்தத்தை வளர்ப்பது; செத்தவன் தலையைக் காட்டிப் பேரம் பேசுவது.

இதை வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆயுதம் வாங்குவதில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கிற தேசம் நம்முடையது. 2022-ல் பிலிப்பைன்ஸோடு பிரமோஸ் ஏவுகணைக்கு ஒப்பந்தம் போட்டு, 2024-ல் அனுப்பியும்விட்டோம். வாங்கிய கை கொடுக்கிற கையாகவும் மாறிவிட்டது. நாளைக்கு அந்த ஆயுதம் எங்கே யார் மேல் விழுந்தாலும், ‘நாங்கள் விற்றதோடு சரி’ என்று நம்மாலும் சொல்ல முடியும். அப்படிச் சொல்லக் கூடாதென்றால், நம் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் எழுந்து நிபந்தனை என்னவென்று இன்றைக்கே கேட்க வேண்டும். ஓட்டுப் போடுகிற நாம் அவர்களைக் கேட்க வைக்க வேண்டும்.

சூரனோடு செய்த யுத்தத்தின் கோபம் தணிந்து முருகன் உட்கார்ந்த இடம் என்பதால் எங்கள் மலைக்குச் செருத்தணி என்று பெயர் வந்து, அதுவே திருத்தணி ஆயிற்று என்பார்கள். அவன் கையில் வேலைக் கொடுத்தவள் தாய். தாய் கொடுத்த ஆயுதமாக இருந்ததால், யுத்தம் முடிந்ததும் அவன் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மலையேறிக் கோபம் தணிந்து உட்கார முடிந்தது. தேசங்களுக்கு அப்படி ஒரு தாய் இல்லை. அதனால்தான் கணக்கைக் கேள் என்கிறேன்.